விசில் வரலையா? மூடியில் கை வைக்காதீங்க!

புதுக்கோட்டையில் காலை 6 மணி. கீழ ராஜ வீதியில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆனால் வீடுகளில் 'உஸ்... உஸ்...' என்று குக்கர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். இந்த அவசரத்தில் அடுப்பில் ஏறுவது கொண்டைக்கடலைக் குழம்பு என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

காரணம், கடலையின் தோல்!

அடைக்கும் தோல்

கடலை கொதிக்கும்போது நுரை பொங்கும். தோல் கழன்று மேலே மிதக்கும். குக்கரில் அளவுக்கு மீறிப் போட்டிருந்தால், அந்தத் தோல் போய் வெயிட்டுக்குக் கீழே இருக்கும் ஆவிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

விசில் வராது. "என்னடா இது, ஒரு விசில்கூட வரலையே!" என்று வெயிட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். 'உஸ்' சத்தமும் இருக்காது. உள்ளே ஆவி இல்லை என்று நினைத்து மூடியைத் திருப்புவார்கள்.

அங்கேதான் ஆபத்து! குழாய் அடைத்திருந்தால், உள்ளே ஆவி நிறைந்திருந்தாலும் சத்தம் வராது.

3 மூட்டை பலம்

குக்கருக்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ அழுத்தம் இருக்கும். 20 சென்டிமீட்டர் அகல மூடி என்றால், மொத்தம் 300 கிலோவுக்கு மேல். 3 அரிசி மூட்டையைத் தூக்கும் பலம்!

வெளிமூடி குக்கரைப் பலவந்தமாகத் திறந்தால் மூடி பறக்கும். கொதிக்கும் குழம்பு முகத்தில் அடிக்கும்.

விசில் வராவிட்டால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். அரை மணி நேரம் ஆற விட வேண்டும். பிறகு குக்கர் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம். அப்போதும் மூடி இறுகியிருந்தால் விட்டுவிட வேண்டும். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்!

பக்குவம் இதுதான்

4 பேருக்கு 200 கிராம் கறுப்புக் கடலை போதும். ராத்திரியே ஊறப் போடணும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் புதுத் தண்ணீர் ஊற்றணும். எல்லாம் சேர்ந்து பாதிக் குக்கரைத் தாண்டக் கூடாது. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

மூடும் முன்பு ஆவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். ஆவி நன்றாக வந்த பிறகே வெயிட் போட வேண்டும். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்தால் கடலை பூப்போல வெந்துவிடும்.

சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி. அதனால்தான் நேரமும் கேசும் மிச்சம்.

புளியை முதலிலேயே ஊற்றினால் கடலை வேகாது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, மிளகாய், மல்லி, தேங்காய், சோம்பு அரைத்து ஊற்றி, வெந்த கடலையைப் போட்ட பிறகே புளி. சோம்பு வாசனை இல்லாவிட்டால் திருமயம், பொன்னமராவதி பக்கத்து செட்டிநாட்டு ருசி எப்படி வரும்?

சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும். ஆனால் 'பி-1' வைட்டமின் போய்விடும்.

350 ஆண்டுப் பாடம்

1679-ல் லண்டனில் முதல் ஆவிப் பாத்திரத்தைச் செய்து காட்டியவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். ஆவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வும் அவர் வேலைதான். பலத்தை அடக்கினால் மட்டும் போதாது, அதற்கு வழியும் விட வேண்டும் என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது என்ற உத்தரவு 2021 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

ஆனால் முத்திரை மட்டும் காப்பாற்றாது. கேஸ்கெட் விறைத்துப் போனால் மாற்ற வேண்டும். சேப்டி வால்வு உருகினால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். ஆணியையோ நாணயத்தையோ வைத்து அடைப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

வால்வு விலை கொஞ்சம்தான். முகத்துக்கு விலை உண்டா?