கொல்லையில் ஒரு குளம்: கனவும் கணக்கும்

சொந்த வீட்டில் நீச்சல்குளம் கட்ட ஆசைப்படும் பெங்களூருத் தம்பதிகள் குழி வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய வீடுகள் இரண்டு. ஒன்று வித்யாரண்யபுராவில், மற்றொன்று விஜயநகரில்.

2024 மார்ச் பெங்களூருவின் நீச்சல்குளங்களுக்குப் போதாத காலம். நகரின் குடிநீர், கழிவுநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது: குடிக்கத் தகுந்த நீரை நீச்சல்குளங்களில் நிரப்பக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். கார் கழுவவும் செடிகளுக்கு ஊற்றவும் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை சில நாட்களுக்கு முன்புதான் வந்திருந்தது. நகரத்தில் இருந்த சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. அப்போது துணை முதல்வர் பொறுப்பில் இருந்த டி.கே. சிவகுமார், தன் வீட்டு ஆழ்துளைக் கிணறும் வற்றிவிட்டது என்றார்.

சொந்தமாக ஒரு மனை, அதில் ஒரு வீடு, வீட்டின் பின்னால் நீல நிற டைல்ஸ் பதித்த ஒரு சின்னக் குளம். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர், தேவனஹள்ளிப் பக்கம் நிலம் வாங்கும் பல தம்பதிகளின் கனவு இது. மனசுக்குப் பிடித்த மேஸ்திரி கிடைத்தால் கணவனும் மனைவியுமே மேற்பார்வை பார்த்துக் கட்டிவிடலாம் என்ற தைரியமும் உண்டு. அது வீண் தைரியமும் அல்ல. குளம் கட்டுவது இன்று பெரிய வித்தையில்லை.

குழி வெட்டி, அடியில் ஜல்லி பரப்பிக் கான்கிரீட் போட்டு, கம்பி கட்டி, சுவரும் தரையும் ஒரே தொட்டியாக வரும்படி வார்க்க வேண்டும். நீர் கசியாதபடி பூச்சு, அதன் மேல் டைல்ஸ், ஒரு மணல் வடிகட்டி, ஒரு பம்ப். தண்ணீரின் கார அமிலத்தன்மை (pH) 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். குளோரின் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே ஏறும் இடமாக இருந்தால், காலியான தொட்டியைக் கீழிருந்து நீர் படகுபோலத் தூக்கிவிடும் அபாயம் உண்டு. அதற்கு அடித்தளத்தில் வால்வு வைப்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் நாலு பக்கமும் வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் கட்டாயம். இவ்வளவும் காசும் கவனமும் இருந்தால் முடிகிற காரியங்கள். முடியாதது தண்ணீர் விஷயம்தான்.

எட்டாத உயரம்

20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். நீச்சல்குளம் என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சப்பட வேண்டிய அளவு. அதற்கே 800 கன அடி, அதாவது சுமார் 22,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். நகர்வாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி பார்த்தால் நாலு பேர் கொண்ட குடும்பம் ஆறு வாரம் குடித்து, குளித்து, சமைத்து, துவைக்கப் போதுமான நீர் இது.

ஒரு முறை நிரப்புவதோடு கதை முடிவதில்லை. வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும் அந்தச் சின்னக் குளம் தினமும் 90 லிட்டருக்கு மேல் இழக்கும். வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கும் நகரம். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1930-களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குழாய் வழியே நீர் வந்தது. 1974-இல் காவிரி வந்தது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்படும் ஆற்றுநீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரம், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு நகரத்துக்கு ஏறி வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூட்டியது. ஆனாலும் 2025 பிப்ரவரியில் கார் கழுவுவது, தோட்டத்துக்கு ஊற்றுவது போன்றவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்த வாரியம் மறுபடியும் தடை போட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கென்றே கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. டெல்டா விவசாயிகள் விட்டுக்கொடுத்தது நகரத்தின் தாகத்துக்காக. கொல்லைப்புறக் குளத்துக்கு அதில் உரிமை கோருவது கஷ்டம்.

தோண்டிய மண்ணே சுவர்

பள்ளம் தோண்டுவது பெங்களூருவுக்குப் புதிதல்ல. 1537-இல் கெம்பே கவுடா நகரத்தை நிறுவிய காலத்திலிருந்து ஆறில்லாத இந்த ஊர் ஏரிகளை வெட்டித்தான் பிழைத்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றை மூடினார்கள். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். மழை அப்படியே பெய்துகொண்டிருக்கிறது. அது தங்குவதற்குத்தான் இடமில்லை.

வீட்டு மனைக்குள்ளேயே அந்த இடத்தைக் கொடுக்க முடியும் என்று காட்டிய தம்பதி சித்ரா விஸ்வநாத்தும் எஸ். விஸ்வநாத்தும். சித்ரா கட்டடக் கலைஞர். விஸ்வநாத் ஹட்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த சிவில் இன்ஜினியர். 1990-களில் நகரின் வடக்கே வித்யாரண்யபுராவில் தங்கள் வீட்டைக் கட்டியபோது அவர்களும் முதலில் பள்ளம்தான் தோண்டினார்கள். தோண்டி எடுத்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பவில்லை. அதில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அழுத்திக் கற்களாக்கி, அதையே சுவராக எழுப்பினார்கள். பள்ளம் வீட்டின் கீழ்த்தளமாயிற்று.

கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கிறார்கள். குளித்த நீரையும் துவைத்த நீரையும் செடிகளின் வேர்வழியே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மொட்டை மாடியில் நெல்கூட விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். நீரே வேண்டாத கழிப்பறை ஒன்றையும் அங்கே அமைத்தார்கள். கணவர் தண்ணீர் வேலையையும் மனைவி கட்டட வேலையையும் தனித்தனியே நடத்திவந்தவர்கள், 2008-இல் இரண்டையும் சேர்த்து பயோம் என்ற நிறுவனமாக்கினார்கள்.

அவர்களைப் பற்றிப் பேசும்போது மண் ஒட்டர்களைச் சொல்லாமல் விட முடியாது. பரம்பரை பரம்பரையாகக் கிணறு வெட்டும் சமூகம். ஆழ்துளைக் கிணறு வந்ததும் வேலையிழந்தவர்கள். சர்ஜாபூர்ப் பக்கம் போவிபாளையாவில் அவர்களின் குடும்பங்கள் உண்டு. நகரத்தில் பத்து லட்சம் கிணறுகள் என்ற பயோமின் இயக்கம் அவர்கள் கையில் மறுபடியும் மண்வெட்டியைக் கொடுத்தது. கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய கிணறுகள் தூர் வாரப்பட்டன. வீடுகளில் இவர்கள் வெட்டுவது பெரும்பாலும் உறை இறக்கிய மழைநீர்க் கிணறு. 4 அடி விட்டம், 30 அடி ஆழம் இருந்தால் ஒரே சமயத்தில் 10,000 லிட்டருக்கு மேல் உள்ளே வாங்கி, மெல்ல மெல்ல மண்ணுக்குள் விட்டுவிடும். கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையே இதற்குப் போதும்.

நூறு நாள் கணக்கு

விஜயநகரில் ஏ.ஆர். சிவகுமாரின் வீடு இன்னும் ஒரு படி மேலே போனது. கர்நாடக அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலில் விஞ்ஞானியாக இருந்தவர் இவர். 1990-களின் நடுவில் 'சௌரபா' என்ற தன் வீட்டைக் கட்டியபோது வாரியத்தின் குழாய் இணைப்பே வேண்டாம் என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் பெங்களூருவின் பல பத்தாண்டு மழைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கிடைத்த விடை எளிமையானது: மழை பொய்க்கும் ஆண்டிலும் ஒரு குடும்பத்துக்குப் போதிய நீர் விழுகிறது; நல்ல மழை இரண்டுக்கு நடுவே ஏறக்குறைய நூறு நாள் இடைவெளி வரலாம்; அந்த நூறு நாளைத் தாண்டினால் போதும்.

வீட்டுச் செலவு நாளுக்கு 400 லிட்டர். நூறு நாளைக்கு 40,000 லிட்டர். கொஞ்சம் கூட்டிச் சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும் தொட்டிகளை அமைத்தார். மேலே சொன்ன கொல்லைப்புறக் குளத்தைப் போல இரண்டு மடங்குதான் அது. ஒரு குளம் வெட்டும் உழைப்போடு இன்னொரு குளத்தின் உழைப்பைச் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான தண்ணீர்ப் பிரச்சினை தீர்கிறது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூருவில் 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கும், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் அது கட்டாயம். ஜெயநகரில் விஸ்வேஸ்வரய்யா பெயரில் இருக்கும் மழைநீர் சேகரிப்புப் பூங்காவில் வெவ்வேறு அமைப்புகளின் மாதிரிகளை யாரும் போய்ப் பார்க்கலாம்.

அப்படியானால் நீச்சலே கூடாதா?

கூடும். மழையைக் கொண்டு குளத்தை நிரப்ப முடியும். பெங்களூருவின் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர். 1,200 சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 86,000 லிட்டர் மிஞ்சும். அந்தச் சின்னக் குளத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. மழை மே முதல் அக்டோபர் வரை பெய்கிறது. குளத்தில் குதிக்க மனம் துடிப்பது மார்ச், ஏப்ரலில். அக்டோபரில் நிரம்பிய குளம் மார்ச் முடிய ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால்கூட 2 அடி நீர் காற்றோடு போய்விடும். நாலடிக் குளத்தில் பாதி. ஆகவே குளத்துக்கு மூடி வேண்டும், அல்லது மூடிய தொட்டி ஒன்றில் தனியாகச் சேமிப்பு வேண்டும். இரண்டும் இல்லாதவர் கடைசியில் டேங்கர் லாரிக்குத்தான் போன் செய்வார். அந்த லாரியின் நீர் பெரும்பாலும் ஊர் எல்லையில் வேறு யாருடைய நிலத்தடியிலிருந்தோ உறிஞ்சியதாக இருக்கும்.

எனவே குளம் கட்டத் துணிந்த தம்பதி வேலையை வரிசை மாற்றிச் செய்வது நல்லது. முதலில் கூரையை அளந்து மழையைக் கணக்கிட வேண்டும். அடுத்தது, வீட்டுத் தேவைக்கு மூடிய தொட்டி. அது நிரம்பி வழிவதற்கு ஒரு மழைநீர்க் கிணறு. அதற்குப் பிறகும் மழை மிஞ்சினால் குளம். தோண்டிய மண்ணைத் தோட்டச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். குளோரின் கலந்த நீரைக் கிணற்றுக்குள் மட்டும் விடக் கூடாது. குளத்தைச் சிறிதாக வைத்தால் மூடுவதும் சுலபம், நிரப்புவதும் சுலபம்.

இந்த வரிசைப்படி போகிறவர்களில் சிலர் மூன்றாவது படியிலேயே நின்றுவிடக்கூடும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த கோடையில் தெருவில் டேங்கருக்காகக் குடங்கள் வரிசை கட்டும்போது அந்த வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கும். நீந்த ஆசை வந்தால் ஊரில் பொது நீச்சல்குளங்கள் இருக்கவே இருக்கின்றன.