துண்டுச் சீட்டு முதல் லோன் ஆப் வரை: ஊர் விட்டுப் போறவங்க கடன் ஏன் தீர்றதில்லை?

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். வேலைக்காக ஊரை விட்டுப் போறவங்க சம்பாதிக்கத்தான் போறாங்க. அப்புறம் ஏன் நிறைய பேர் ரெண்டு வருஷம் உழைச்சும் கடனோட திரும்பி வர்றாங்க? "செலவாளி", "கணக்கு தெரியாதவங்க" அப்படின்னு ஈஸியா சொல்லிடுவோம். ஆனா பிரச்சினை அங்க இல்ல. எங்க இருக்குன்னு பார்க்க, இருநூறு வருஷம் பின்னாடி போகணும். அதுக்கு நல்ல இடம் ஏற்காடு.

மலையில காபி வந்த கதை

வீக்எண்டுக்கு ஏற்காடு போயிருப்பீங்க. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏரியில படகு, சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட். கொஞ்சம் தள்ளி தலைச்சோலை மாதிரி கிராமங்கள் இருக்கிற பக்கம் போனா காபிச் செடி, மரத்துல ஏறுற மிளகுக் கொடி. இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன். கிட்டத்தட்ட அதே காலத்துலதான் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் கண்டி மலைப்பகுதியிலும் காபித் தோட்டங்கள் ஆரம்பிச்சது.

தோட்டம் போட நிலம் கிடைச்சிடுச்சு. வேலைக்கு ஆள் வேணுமே? இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனது திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டை பக்கத்துல இருந்துதான். ஆரம்ப காலத்துல மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே போனாங்க. வழியிலேயே நோயிலயும் பசியிலயும் செத்தவங்க நிறைய.

இங்க ஒரு சின்ன கேள்வி கேட்போம். கையில காசே இல்லாத ஒருத்தர், பஞ்ச காலத்துல, இந்தப் பயணத்துக்குச் செலவு பண்ணது எப்படி?

கங்காணி கொடுத்த முன்பணம்

பதில்: கடன். கொடுத்தவர் கங்காணி. கங்காணி வெளியாள் கிடையாது. அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். தோட்டத்துக்காரர் கங்காணிக்குப் பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்கு வந்து குடும்பங்களுக்கு முன்பணம் கொடுப்பார். பழைய பாக்கியைத் தீர்க்க, வழிச் செலவுக்கு, சாப்பாட்டுக்கு. தோட்டத்துல காலை வைக்கிறதுக்கு முன்னாடியே தலையில கடன் ஏறிடும்.

சரி, அந்தத் தோட்டம் பிடிக்கலைன்னா வேற தோட்டத்துக்குப் போகலாமா? அங்கதான் "துண்டு" வருது. நம்ம துண்டுச் சீட்டுதான்; வெள்ளைக்காரர் ஆவணங்கள்லயும் அதே பேர்லதான் இருக்கு. இவர் இவ்வளவு பாக்கி வெச்சிருக்கார், அதைக் கட்டினா விட்டுடுவோம்னு பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டு. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். தொழிலாளியோட கடன் தீர்ந்துடுச்சா? இல்ல, முதலாளி மட்டும் மாறினார். பல நேரம் மாறும்போது கடன் இன்னும் கூடும், ஏன்னா புதுசா ஒரு முன்பணம் சேரும். ஒரு ஆள் கையில இருந்து இன்னொரு ஆள் கைக்குப் போனது கடன் மட்டும் இல்ல, கூடவே அந்தக் குடும்பமும்.

இந்தியாவுக்குள்ள மட்டும் நிலைமை நல்லா இருந்துச்சான்னா, அதுவும் இல்ல. 1859-ல் வந்த ஒரு சட்டம், முன்பணம் வாங்கிட்டு வேலைக்கு வராதவங்களை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கொடு, இல்ல வேலையைச் செய், ரெண்டும் இல்லன்னா மூணு மாசம் வரை ஜெயில். 1925-ல்தான் அதை ரத்து பண்ண சட்டம் வந்தது.

இந்தக் கடன் ஏன் வேற மாதிரி?

பேங்க் உங்களுக்குக் கடன் கொடுக்கும்போது பார்க்கிறது உங்க சம்பளம், சொத்து, சிபில் ஸ்கோர். ஊர் விட்டுப் போறவருக்கு இது மூணும் சிக்கல். சம்பளம் இனிமேதான் வரணும். சொத்து இல்ல, இருந்தா அம்மா நகையோ சின்ன வீடோ இருக்கும். சிபில் ஸ்கோர் எல்லை தாண்டிக் கூட வராது; புது நாட்டுல நீங்க கடன் வரலாறே இல்லாத ஆள். அதனாலதான் அமெரிக்கா மாதிரி நாடுகள்லயும் புதுசா வந்தவங்க அதிக வட்டிக் கடைகளுக்குப் போக வேண்டி வருது.

"ரிஸ்க் அதிகம், அதனால வட்டி அதிகம்"னு கடன் கொடுக்கிறவர் சொல்வார். ஆனா உண்மையில ரிஸ்க் யார் தலையில இருக்கு? வேலை போச்சுன்னா, விசா ரத்தாச்சுன்னா, ஊர்ல இருக்கிற குடும்பத்து வாசல்லதான் வந்து நிப்பாங்க. ரிஸ்க் கடன் வாங்கினவருக்கு, வட்டி கடன் கொடுத்தவருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்குதான். வெளிநாட்டு வேலைக்கு ஒருத்தர் ஏஜென்ட்டுக்கு ₹2,00,000 கொடுக்கிறார். ஊர்ல நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கினது. அதாவது மாசம் 3%. அவர் மாசம் ₹20,000 அனுப்புறார். வீட்டுச் செலவு ₹10,000, கடனுக்கு ₹10,000.

முதல் மாசம் வட்டிக்கே ₹6,000 போயிடும். அசல்ல குறையறது ₹4,000தான். இப்படியே போனா கடன் தீர 31 மாசம் ஆகும். வேலை ஒப்பந்தம் ரெண்டு வருஷம்னா, 24-வது மாசம் முடிஞ்சு ஃபிளைட் ஏறும்போது இன்னும் சுமார் ₹62,000 பாக்கி. இதுல ஒரு மாசம் கூட சம்பளம் தவறலை, ஒரு நாள் கூட ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு வெச்சுதான் இந்தக் கணக்கு.

இப்போ வட்டியை மட்டும் மாத்துங்க. மாசம் 1%. 23-வது மாசத்துல கடன் முடியும். தப்பிச்சாச்சு, ஆனா ரெண்டு வருஷமும் அதுக்கே போச்சு.

அடுத்து வட்டியை 3%-லயே விடுங்க, ஏஜென்ட் பணத்தை ₹30,000 ஆக்குங்க. நாலாவது மாசத்துல கடன் முடிஞ்சுது! வட்டி கொடூரமா இருந்தாலும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. வட்டி வீதத்தைப் பத்தி நாம நிறைய பேசுறோம். ஆனா முதல் கேள்வி அது இல்ல. அந்த ரெண்டு லட்சத்தை ஏன் தொழிலாளி கொடுக்கணும்?

அந்த ₹30,000 நான் சும்மா சொன்ன எண் இல்ல. குடிபெயர்வுச் சட்டம் 1983-ன் விதிகள்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளிகிட்ட சேவைக் கட்டணமா வாங்கக்கூடிய உச்சவரம்பு அதுதான், ஜிஎஸ்டி தனி.

சிங்கப்பூர் சொல்ற பாடம்

போன இடத்துலயும் கடன் காத்திருக்கும். சிங்கப்பூர்ல உரிமம் பெற்ற வட்டிக்கடைகள் மாசம் 4% வரை வட்டி வாங்கலாம். 2017, 2018-ல் அங்க கடன் வாங்குற வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. அதுக்கப்புறம் அரசு வரம்பு போட்டது: வருஷ வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழ இருக்கிற வெளிநாட்டவர், எல்லாக் கடைகளிலும் சேர்த்து 500 வெள்ளிக்கு மேல வாங்க முடியாது. நல்லதுதான். ஆனா ஊர்ல இருக்கிற ஏஜென்ட் கடன் அப்படியே இருந்தா, கதவை மூடினா ஜன்னல் வழியா வரும். உரிமம் இல்லாதவங்க, ஆப்ல கடன் கொடுக்கிறவங்கன்னு போக வேண்டியிருக்கும்.

நூறு வருஷம் முன்னாடி கிடைச்ச பதில்

துண்டு முறை என்ன ஆச்சு? பொன்னம்பலம் அருணாசலம் போன்றவங்க அதை எதிர்த்துக் குரல் கொடுத்தாங்க. 1921-ல் இலங்கைச் சட்டம் துண்டை ஒழிச்சது. 1923 சட்டம் இன்னும் முக்கியம்: ஆள் கொண்டுவர்ற செலவைத் தோட்டக்காரங்க பணம் போடுற ஒரு பொது நிதி ஏத்துக்கணும், அதைத் தொழிலாளி தலையில கடனா எழுதக் கூடாது. கங்காணியோட பிடி ஒரே நாள்ல போயிடல. ஆனா "செலவு யாருது?"ங்கிற கேள்விக்குச் சட்டம் தெளிவா பதில் சொன்னது: ஆள் தேவைப்படுறவர்தான் கட்டணும்.

இன்னைக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்ற நியாயமான ஆள்சேர்ப்பும் அதையேதான் சொல்லுது. இந்தியாவுக்குள்ள, 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காக ஒருத்தரைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினா அந்தக் கடனே செல்லாது. தோட்டத்துக்கும் சூளைக்கும் முன்பணம் வாங்கிட்டுப் போற மலைக்கிராமக் குடும்பங்கள் தெரிஞ்சிருக்க வேண்டிய சட்டம் இது.

உங்க வீட்டுல யாராவது கிளம்பினா

ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு அரசோட இ-மைகிரேட் தளத்துல பாருங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துலயும் விசாரிங்க. கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்க. ரசீது தர மாட்டேன்னா அங்கயே நிறுத்துங்க. ஆப்ல கடன் வாங்கினா, ரிசர்வ் வங்கியோட விதிகள்படி பணம் நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரணும், உங்க போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்ட்டை அவங்க தொடக் கூடாது. அதைக் கேட்கிற ஆப்பை அழிச்சிடுங்க.

கடைசியா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மேல போட்ட கணக்கை உங்க எண்களை வெச்சுப் போடுங்க. கடன் தீர்ற மாசம், ஒப்பந்தம் முடியற மாசத்துக்கு அப்புறம் வந்தா, அந்த வேலை உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை இல்ல. அந்தக் கணக்கை வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.