உங்க கோடுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் மெட்ராஸ் டைம்

"சென்னைல பீச், மால், கோயில் தாண்டி என்னடா இருக்கு?" வெளியூர் நண்பர்கள் கேட்டா பரவாயில்லை. இங்கேயே பொறந்து வளர்ந்தவங்களும் கேக்கிறாங்க, அதுதான் கடுப்பு. இந்த எபிசோட் அதுக்கான பதில். பத்து இடம், இருபது இடம்னு லிஸ்ட் எல்லாம் கிடையாது. ரெண்டு இடம், கொஞ்சம் ஆழமா.

முதல்ல லேப்டாப்பைத் திறங்க. பைத்தானில் 1900 ஜனவரி 1 என்று ஒரு தேதியை எடுத்து, அதை ஏசியா-கொல்கத்தா டைம்ஸோனில் வைத்து, யுடிசிக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்க. ஐந்தரை மணி நேரம்னு வராது. 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று வரும். பழைய டேட்டாபேஸ்களில் தேதி தெரியாத இடத்தில் 1900 ஜனவரி 1 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். அந்த மாதிரி டேட்டாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த 21 நிமிடம் நல்லாவே தெரியும். அது பக் இல்லைங்க. அது மெட்ராஸ் டைம்.

1906 ஜனவரி 1 அன்று ஐஎஸ்டி வருவதற்கு முன்னால், இந்தியாவில் ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் டைம்ஸோன் டேட்டாபேஸில் அது இன்னும் பத்திரமா இருக்கு. அந்த நேரம் புறப்பட்ட இடம் நுங்கம்பாக்கம், காலேஜ் ரோடு.

மழைக்காலத்தில் நியூஸில் கேட்டிருப்பீங்க, "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை" என்று. அந்த நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள்தான் 1792இல் கட்டிய மெட்ராஸ் அப்சர்வேட்டரி இருந்தது. கட்டிடம் போயிடுச்சு. ஒரு கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது. சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை.

ஒரு டெலஸ்கோப்புக்கு எதுக்கு 10 டன் கல்லு? ஆடக்கூடாது, அவ்வளவுதான். ஒரு நட்சத்திரம் சரியாக நம் தலைக்கு நேரான வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. அந்தக் கணத்தை வைத்து உள்ளூர் கடிகாரத்தைச் சரி செய்வார்கள். அதாவது அந்தத் தூண்தான் அன்றைய என்டிபி சர்வர்.

உள்ளூர் நேரம் தெரிஞ்சா மட்டும் போதாது. கிரீன்விச்சில் இப்போ மணி என்ன என்பதும் தெரிந்தால்தான் தீர்க்கரேகை கிடைக்கும். போன் கிடையாது, தந்தி கிடையாது. அதுக்கு ஒரு அட்டகாசமான ஹேக் இருந்தது: வியாழன் கோளின் நிலாக்கள். ஒரு நிலா வியாழனின் நிழலுக்குள் நுழையும் கணம், பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணம்தான். அதைக் கிரீன்விச் நேரத்தில் முன்கூட்டியே கணக்குப் போட்டு அட்டவணையாக அச்சிட்டிருப்பார்கள். நீங்க பார்த்தபோது உங்க கடிகாரத்தில் என்ன மணி, அட்டவணையில் என்ன மணி, கழிச்சா தீர்க்கரேகை.

முறை நல்ல முறைதான், துல்லியம்தான் சுமார். அந்த 5 மணி 21 நிமிடம் 10 விநாடியைக் கோணமாக மாத்திப் பாருங்க, 80 டிகிரி 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல வரும். பழைய சர்வே மேப்கள் மெட்ராஸுக்குக் கொடுத்த தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனா நுங்கம்பாக்கத்தின் உண்மையான தீர்க்கரேகை 80 டிகிரி 14 நிமிடம் சொச்சம். தந்தி வந்த பிறகுதான் அது திருத்தப்பட்டது. ஆக, உங்க போனில் இருக்கும் மெட்ராஸ் டைம், தூணிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கிழக்கே, துறைமுகப் பக்கம் போய் நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச லெகசி டேட்டா இதுதான்.

தூணில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அதன் சாரம்: கணித அறிவியலை ஆசியாவில் முதன்முதலில் ஊன்றியது பிரிட்டிஷாரின் பெருந்தன்மை, ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவங்களுக்கும் இது தெரியணும். ஆரியபட்டரும் கேரளத்து மாதவரும் கணக்குப் போட்ட மண்ணில்! வாசித்ததும் சிரிப்பு வரும், அடுத்து கோபம் வரும். ரெண்டும் நியாயம்தான்.

கல்லில் இல்லாத ஒரு பெயரை இங்கே சொல்லணும். அப்சர்வேட்டரியில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல், ஆர் ரெடிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, ஜனங்களுக்குப் புரியணும் என்று இந்திய மொழிகளிலும் கையேடு கொண்டுவந்தார். நாம பண்ற சயின்ஸ் பாட்காஸ்ட்டுக்கு எல்லாம் அவர்தான் தாத்தா. அவருடைய மேலதிகாரி நார்மன் போக்சன், 1861இல் இங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தவர். போக்சனை அஸ்ட்ரானமி புத்தகங்களில் எளிதாகப் பிடித்துவிடலாம். ரகுநாதாச்சாரியை இதே ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு சோதனையையும் விட மனசில்லை. அப்சர்வேட்டரியின் தலைவராக இருந்த கோல்டிங்ஹாம், ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும்போது இங்கிருந்து வெளிச்சத்தைப் பார்த்து, சத்தம் வந்து சேரும் வரை விநாடிகளை எண்ண வைத்தார். பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர், அதனால் 26 விநாடி அளவில் ஆகும். மாசா மாசம் வெப்பமும் ஈரப்பதமும் மாற மாற ஒலியின் வேகமும் மாறுகிறது என்று 1823இல் முடிவுகள் வெளியாயின. இன்னைக்கு கத்திப்பாரா ஹார்ன் சத்தத்துக்கு நடுவுல இதைச் செஞ்சு பாருங்க பார்ப்போம்.

பரங்கிமலைதான் நம்ம ரெண்டாவது இடம். மலை உச்சி சர்ச்சுக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய் ஏர்போர்ட்டில் பிளேன் இறங்குவதைப் பார்ப்பார்கள். லாம்டன் 1802 ஏப்ரலில் இந்த மலைக்குக் கீழே சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம்னு திரும்பி வந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளும் என்பதால் தெர்மாமீட்டர் வைத்து, திருத்தம் போட்டு, 400 முறை நகர்த்தி, 57 நாளில் முடித்தார்கள். ஒரு பக்கத்தின் நீளம் மட்டும் துல்லியமாகத் தெரிஞ்சா போதும், மற்றதெல்லாம் கோணம் அளந்தே முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போகலாம். அப்படிப் போன சர்வேதான் கடைசியில் எவரெஸ்ட்டின் உயரத்தையும் கணக்கிட்டது.

போறவங்களுக்கு: பரங்கிமலை ஈஸி, மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிங்க, சாயங்காலம் நல்லா இருக்கும். நுங்கம்பாக்கம் வேலை நடக்கும் அரசு அலுவலகம். கும்பலா போய் நிக்காம, முன்னாடியே அனுமதி கேட்டுட்டுப் போங்க. ரகுநாதாச்சாரி பத்தியும் அங்கே கேளுங்க, கேட்டாத்தான் பெயர் நிலைக்கும்.

ரெண்டுக்கும் போக முடியலையா, மொட்டை மாடி போதும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வரும். ஒரு பாட்டிலை நிறுத்தினால் நிழலே விழாது. ஆனா சரியா 12 மணிக்குப் பார்க்காதீங்க. ஏப்ரல்ல 12:07, ஆகஸ்ட்ல 12:13 வாக்குல பாருங்க. ஐஎஸ்டி நம்ம ஊர் சூரியனைவிடச் சராசரியா 9 நிமிஷம் முன்னாடி ஓடுது.