எதிரி இல்லாம என்ன மேட்ச் மச்சி?

ராத்திரி பதினொன்றரை மணி. லாஸ்பேட்டையில் ஒரு மொட்டை மாடி ரூம். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர். ஒரே ஒரு டி.வி. ஜன்னல் பக்கம் ஒரு கோஷ்டி, கதவு பக்கம் ஒரு கோஷ்டி. நடுவில் பரோட்டா பார்சல். அதுக்கு மட்டும் கட்சி கிடையாது!

இந்த சீன் உங்களுக்குப் புதுசா என்ன? ரெட்டியார்பாளையம், மூலக்குளம், கோரிமேடு என்று உழவர்கரை நகராட்சிக்குள் ஸ்டூடண்ட்ஸ் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் ஒரு ஃபைனல் நாளில் போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஹெலிபேடு மைதானத்தில் ஒரே டீமில் ஓடி வியர்த்தவர்கள், ராத்திரி டி.வி. முன்னால் ஜென்ம விரோதிகள். ஒருத்தன் ஜுவெண்டஸ், ஒருத்தன் மிலான். ரெண்டு பேரும் இத்தாலி மண்ணை மிதிச்சதே இல்ல. ஆனா சண்டையைப் பார்த்தா, ரெண்டு பேருக்கும் அங்கே பரம்பரைச் சொத்து பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும்!

சரி, உங்க கட்சி எது? அதை அப்புறம் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஜெயிக்கிறதுக்காக மேட்ச் பார்க்கிறீங்களா, இல்ல எதிர் கட்சிக்காரன் மூஞ்சி சுருங்குறதைப் பார்க்கிறதுக்காகவா? நெஞ்சைத் தொட்டு உண்மையைச் சொல்லணும், ஆமா!

பாஸ்போர்ட்டிலேயே டீம்

மத்த ஊர்க்காரன் ஃபைனல் வந்தால்தான் டீமைத் தேடுவான். நம்ம புதுச்சேரியில் சிலருக்கு டீம் பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்து வந்துவிடுகிறது. 1962-ல் ஆட்சி மாற்றம் சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 'சொல்தா' தாத்தாக்களை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு 2006 ஜூலை 9 எப்படி இருந்திருக்கும்? பெர்லினில் உலகக் கோப்பை ஃபைனல். இத்தாலி - பிரான்ஸ். நம்ம கடிகாரத்தில் ராத்திரி 11.30-க்கு ஆரம்பம். 7-வது நிமிஷம் ஜிடேனின் பெனால்டி. 19-வது நிமிஷம் மெட்டராஸி தலையால் முட்டிப் பதிலுக்கு ஒரு கோல். அதுக்கப்புறம் எக்ஸ்ட்ரா டைமில் ஜிடேன் முட்டினார், பந்தை அல்ல... மெட்டராஸியின் நெஞ்சை! ரெட் கார்டு. பெனால்டி ஷூட்-அவுட்டில் 5-3 என்று இத்தாலிக்குக் கோப்பை. மணி ரெண்டைத் தாண்டியாச்சு. விடிந்தால் திங்கட்கிழமை, முதல் பீரியட். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-க்கு ஐந்தே நாள் பாக்கி.

அந்த ஷூட்-அவுட்டில் கோட்டை விட்ட ஒரே ஆள் பிரான்சின் ட்ரெஸகே. பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் வாசலில் நின்றவர் பஃபான். இரண்டு பேரும் ஒரே கிளப்! இத்தாலியின் ஜுவெண்டஸ். அன்று களத்தில் இறங்கியவர்களில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு பேர் ஜுவெண்டஸ்காரர்கள். வருஷம் பூரா ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உடை மாற்றிய எட்டுப் பேர், ஒரு ராத்திரிக்கு மட்டும் எதிரெதிர் பக்கம். இதே ட்ரெஸகேதான் 2000 யூரோ ஃபைனலில் கோல்டன் கோல் போட்டு இத்தாலியை அழவைத்தவர். அதுக்கப்புறமும் ஆறு வருஷமாக இத்தாலிக்காரர்கள் அவருக்குப் பந்து பாஸ் பண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆடுறவனே இப்படி இருக்கும்போது, பார்க்கிற நமக்கு ஏன் மச்சி ரத்தம் கொதிக்குது?

2018-ல் பிரான்ஸ் மறுபடி உலகக் கோப்பையை ஜெயித்த ராத்திரி, அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி, 'புதுச்சேரிக்காரர்களான நாம் ஜெயித்துவிட்டோம்' என்கிற அர்த்தத்தில் ட்விட்டரில் வாழ்த்துப் போட்டார். அவ்வளவுதான்! 'அது எப்படி நாம?' என்று நாடு முழுக்கக் கலாய்த்துத் தள்ளினார்கள். ஆனால் கலாய்த்தவர்களில் எத்தனை பேர், எங்கேயோ இருக்கிற ஒரு கிளப்பை 'நாங்க' என்று சொல்லாதவர்கள்? ரசிகன் என்றாலே அந்த 'நாங்க'தான். அந்த வார்த்தை பிறந்த உடனேயே 'அவனுங்க' என்ற வார்த்தையும் கூடவே பிறந்துவிடுகிறது.

71-வது நிமிஷம்

இந்த 'நாங்க - அவனுங்க' ஒரே ஊருக்குள்ளேயே இருந்தால்? அதுதான் டர்பி.

ரோம் நகரில் ரெண்டு கிளப். 1900-ல் பிறந்தது லாசியோ. 1927-ல் நகரத்தின் மற்ற சில கிளப்புகளை ஒன்றாகச் சேர்த்து ரோமா உருவானபோது, லாசியோ மட்டும் 'நாங்க வரலை' என்று தனியாக நின்றுவிட்டது. இருவருக்கும் சொந்த மைதானம் என்னவோ ஒன்றேதான், ஒலிம்பிக் ஸ்டேடியம்! ஒரே வீட்டில் குடியிருக்கிற பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இத்தாலியக் கோப்பை ஃபைனலில் இந்த இருவரும் முதன்முதலாக மோதியது 2013 மே 26-ல். 71-வது நிமிஷம் லூலிச் ஒரு கோல். லாசியோ 1-0. ரோமாவுக்குக் கோப்பையும் போச்சு, அடுத்த சீசனில் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் வாய்ப்பும் போச்சு. லாசியோ ரசிகர்களுக்கு அன்றிலிருந்து '71' என்பது வெறும் எண் இல்லை. 'லூலிச் 71' என்று சொன்னாலே போதும், ரோமாக்காரன் முகம் மாறிவிடும். ஒவ்வொரு மே 26-ம் அவர்களுக்குத் தீபாவளி!

அப்படியே நம்ம நாட்டுக்கு வாங்க. 2023 செப்டம்பர் 3. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். டூரண்ட் கோப்பை ஃபைனலில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். மோகன் பகான் ஆட்டக்காரர் ஒருவர் ரெட் கார்டு வாங்கி வெளியேற, மிச்சம் பத்துப் பேர். பெட்ரடோஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ஒரே அடி! மோகன் பகான் 1-0. எத்தனாவது நிமிஷம் தெரியுமா? அதே 71!

கொல்கத்தா சண்டைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1889-ல் தொடங்கிய மோகன் பகான் காலங்காலமாக மேற்கு வங்கத்திலேயே இருந்தவர்களின் கிளப். 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் கிளப். 1947 பிரிவினையில் வீடு, வாசல், குளம், தோப்பு எல்லாம் விட்டுவிட்டு அகதிகளாக வந்து இறங்கியவர்களுக்கு, புது ஊரில் 'இது நம்முது' என்று சொல்லிக்கொள்ள இருந்த கொஞ்ச விஷயங்களில் ஒன்று அந்த சிவப்பு - தங்கநிற ஜெர்ஸி. நம்ம ஊரில் பாஸ்போர்ட் செய்த வேலையை அங்கே ஜெர்ஸி செய்தது.

ஆம்லெட் அரசியல்

சண்டை என்றால் சாப்பாடு இல்லாமலா? மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். மேட்ச் முடிந்து மார்க்கெட்டுக்குப் போனால் ஸ்கோர் கேட்கவே வேண்டாம், எந்த மீனுக்கு அடிதடி என்று பார்த்தாலே தெரிந்துவிடும்!

கலாய்ப்பதும் உண்டு. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னால் மோகன் பகான் கோச் அமல் தத்தா ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களை ஒருவர் விடாமல் ஓட்டினார். ஓமோலோவுக்கு 'ஆம்லெட்' என்று பெயர். பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார். சால்ட் லேக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். என்ன ஆச்சு? அந்த 'சுங் சுங்' ஹாட்ரிக் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1!

'ஆம்லெட்'டுக்குச் சிரிக்கலாம். ஆனா ஒருத்தன் பெயரை, அவன் பிறந்த மலையை, முகத்தை வைத்து ஓட்டுவது? அங்கேதான் ஒரு கோடு இருக்கிறது. ஹாஸ்டலில் நாமும் தினம் தினம் தாண்டுகிற கோடு அது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1979 அக்டோபர் 28. ரோம் டர்பி. ரோமா கேலரியிலிருந்து ஒருவன் கொளுத்திவிட்ட ராக்கெட் மைதானத்தைக் கடந்து எதிர்க் கேலரிக்குப் பறந்தது. மனைவியோடு மேட்ச் பார்க்க வந்திருந்த லாசியோ ரசிகர் ஒருவர் செத்துப்போனார். வயது 33.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1980 ஆகஸ்ட் 16. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். களத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்ள, கேலரியில் அடிதடி, கல்வீச்சு, நெரிசல். 16 ரசிகர்கள் பிணமானார்கள். மேட்ச் பார்த்துட்டு வர்றேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

2014 மே 3. மறுபடி அதே ரோம் ஸ்டேடியம், மறுபடி இத்தாலியக் கோப்பை ஃபைனல். ஆடியது நாப்போலியும் ஃபியோரெண்டினாவும். ஆட்டத்துக்கு முன்பே ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு நாப்போலி ரசிகரைத் துப்பாக்கியால் சுட்டான் ஒருவன். சுட்டவன் யார் தெரியுமா? ரோமா ரசிகன். அன்றைக்கு ரோமா ஆடவே இல்லை! முக்கால் மணி நேரம் தாமதமாக மேட்ச் நடந்தது. நாப்போலி 3-1 என்று கோப்பையையும் தூக்கியது. சுடப்பட்டவர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரத்துக்கு மேல் போராடி ஜூன் 25-ல் இறந்துபோனார். 'என் மகன் பெயரைச் சொல்லி யாரும் பழிவாங்கக் கிளம்பாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டார் அவருடைய அம்மா. அந்த வீட்டில் அந்தக் கோப்பையை என்ன செய்வது, சொல்லுங்கள்?

ஆகஸ்ட் 16

ஆகஸ்ட் 15-க்கு நாடே லீவு. புதுச்சேரியில் நமக்கு மட்டும் மறுநாளும் லீவு. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுவார்கள். நாம் போர்வையை இழுத்து மூடித் தூங்குவோம்!

அதே ஆகஸ்ட் 16-ல் கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் ரத்ததானம் செய்கிறார்கள். 1980-ல் செத்துப்போன அந்த 16 பேர் நினைவாக. கேலரியில் சிந்திய ரத்தத்துக்குப் பதிலாக பாட்டிலில் கொடுக்கிற ரத்தம். அது மோகன் பகான் உடம்புக்குப் போகுமா, ஈஸ்ட் பெங்கால் உடம்புக்குப் போகுமா என்று யாரும் கேட்பதில்லை.

2024 ஆகஸ்ட். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்ட கொடுமையில் நாடே கொதித்தது. நம்ம கோரிமேடு ஜிப்மர் டாக்டர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 18-ம் தேதி நடக்க இருந்த டூரண்ட் கோப்பை டர்பியை, பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்து செய்தார்கள். மேட்ச் இல்லை என்றால் ரசிகர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தார்கள் போல!

வந்தார்கள். சிவப்பு - தங்கநிறமும் பச்சை - மெரூனும் சேர்ந்து வந்தன. மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்தார்கள். பூட்டிக் கிடந்த ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரே குரலில் நியாயம் கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியும் கலையவில்லை. மோகன் பகான் ரசிகர் தோளில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஏறி உட்கார்ந்திருந்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. நூறு வருஷத்துக்கு மேல் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டியவர்கள். ஓட்டி ஓட்டியே அவ்வளவு நெருக்கமாகியிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃபைனல் நைட் சட்டதிட்டம்

அடுத்த ஃபைனலுக்கு ரூமில் ஒட்டிவைக்க...

1. டீமை ஓட்டலாம், கோச்சை ஓட்டலாம், தப்பாக அடித்த பெனால்டியைப் பத்து வருஷம் ஓட்டலாம். சாதி, ஊர், நிறம், வீடு... நோ என்ட்ரி!

2. தோத்த பார்ட்டிக்கு முதல் பத்து நிமிஷம் மௌன விரதம் அனுமதி. அந்த நேரத்தில் வீடியோ எடுத்து குரூப்பில் போடுகிறவனுக்கு அடுத்த மேட்ச்சுக்கு அனுமதி ரத்து.

3. ஜெயித்த கோஷ்டிதான் டீ வாங்கித் தரணும். இறாலும் ஹில்சாவும் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது!

4. ராத்திரி ரெண்டு மணிக்கு வெடி, ஹாரன் வேண்டாம். கீழ் வீட்டுப் பாட்டிக்கு லூலிச் யார் என்று தெரியாது.

5. அடுத்த ஆகஸ்ட் 16 லீவில் ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து ஒரு ரத்த வங்கிக்குப் போய்ப் பாருங்கள். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். ஜெர்ஸி உங்கள் இஷ்டம்.

மேட்ச் முடிஞ்சாச்சு. டி.வி. ஆஃப். ஒருத்தன் மட்டும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான். நாளைக்கு காலையில் உங்களுக்கு பைக்கில் லிஃப்ட் கொடுக்கப் போவது அவன்தான். ரெக்கார்டு நோட்டு கொடுக்கப் போவதும் அவன்தான். போய் எழுப்புங்க. டீக்கடை இன்னும் திறந்திருக்கும்.

அவன் இல்லேன்னா, நீங்க யார்கிட்ட மச்சி ஜெயிச்சீங்க?