சிமிட்டலும் துடைப்பும்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு பிள்ளை ஓயாமல் கண் சிமிட்டினால் யாரும் நரம்பு டாக்டரைத் தேடமாட்டார்கள். சுரங்கத் தூசு விழுந்திருக்கும் என்று சொட்டு மருந்து வாங்கிவந்து ஊற்றுவார்கள். ஓர் அம்மா தரையை நாலு தடவை துடைத்தாலும் அப்படித்தான். கரித்தூசு படிகிற ஊரில் துடைக்காமல் இருக்க முடியுமா? டிக் என்கிற அசைவுக் கோளாறும், ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயும் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

செய்ததையே செய்வது இரண்டிலும் பொது. அதற்கு முந்தைய நொடியில்தான் வித்தியாசம். டிக் உள்ள பையனைக் கேட்டால், "கண்ணுல என்னவோ பண்ணுது, சிமிட்டினாத்தான் போகுது" என்பான். தும்மலுக்கு முன் மூக்கில் ஏறுகிற குறுகுறுப்பு மாதிரி, உடம்பில் எழும் உந்துதல் அது. அதில் பயம் இல்லை. ஓசிடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும்: "துடைக்காம விட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடும், நான்தான் காரணம்." இந்த ஊரில் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருப்பதுதான் சிக்கல். பளிச்சென்ற தரையைக் கண்ணால் பார்த்த பிறகும் மனம் ஆறாமல், அதிலேயே பொழுது போகிறதென்றால், அது தூசின் வேலை அல்ல.

டிக் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கி, 10-12 வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்குத் தணிகிறது. வகுப்பில் அடக்கிவைத்து வீட்டில் கொட்டித் தீர்க்கும் பிள்ளைகள் உண்டு. "அப்போ வேணும்னுதானே பண்றே?" என்று அடி விழுவது இதனால்தான். அநியாயமான அடி.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் வரும். 1885இல் பாரிஸில் டாக்டர் ழில் த லா தூரெத் 9 நோயாளிகளைப் பற்றி எழுதினாரே, அவர் பெயர் தாங்கிய, டிக்குகள் நீடித்துத் தொடரும் டூரெட் நோய்க்குறி உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஓசிடியும் இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளை 'இப்போ சரி' என்று தோன்றும்வரை தொட்டுக்கொண்டே இருப்பவரிடம் எது எங்கே முடிகிறது என்று டாக்டர்களே திணறுவார்கள்.

பிரித்தறிவது வைத்தியத்துக்காக. ஓசிடிக்கு, துடைக்காமல் பயத்தோடு உட்கார்ந்திருக்கப் பழக்குகிறார்கள். செரட்டோனின் என்கிற மூளை ரசாயனத்தின் வழியாகச் செயல்படும் மாத்திரைகள் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம். அதே மாத்திரை டிக்கைப் பொதுவாக அசைப்பதில்லை. டிக்குக்கு, உந்துதல் எழும்போது அதற்கு மாறான அசைவைச் செய்யும் பயிற்சி. லேசானதென்றால் ஒன்றுமே வேண்டாம்.

ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கடலூருக்கோ கூட்டிப்போவதானால் முதல் நாளே போனில் ஒரு வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை சிமிட்டவே மாட்டான்.