கீழ் எண் குறையும்போது

இரத்த அழுத்தம் 120/80 என்று எழுதப்படும்போது, மேல் எண் இதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும் கணத்தில் தமனிச் சுவரில் உண்டாகும் அழுத்தத்தையும், கீழ் எண் இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும் இடைவேளையில் எஞ்சி நிற்கும் அழுத்தத்தையும் மில்லிமீட்டர் பாதரச அளவில் குறிக்கின்றன. பின்னது விரிவழுத்தம் எனப்படும். அது 60க்குக் கீழே இறங்கினால் தாழ்ந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இதயம் சுருங்கும்போது அதன் இடப்புறத் தசை தன்னுள் ஓடும் நாளங்களையே நெரித்துவிடுவதால், அத்தசைக்கு வேண்டிய இரத்தம் பெரும்பாலும் தளரும் வேளையிலேயே வந்து சேருகிறது. ஆகவே, இதயத் தமனிகளில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கு விரிவழுத்தம் மிகவும் தாழ்வது கவனத்திற்குரியது.

எனினும் கீழ் எண்ணைத் தனியே பிரித்துப் பார்ப்பதால் பொருள் விளங்காது. 105/58 உள்ள இளம்பெண் தலைசுற்றலோ சோர்வோ இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் அவருடைய இயல்பே. 165/58 உள்ள முதியவரின் நிலை வேறு: வயது ஏற ஏறப் பெருந்தமனி விறைத்து மீள்தன்மையை இழப்பதால், மேல் எண் உயர, கீழ் எண் ஏறத்தாழ ஐம்பது, அறுபது வயதுக்குப் பின் இறங்குகிறது. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃபிராமிங்ஹாம் ஆய்வு இப்போக்கைத் தெளிவாகக் காட்டியது. இரு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு நாடி அழுத்தம் எனப்படும். இயல்பாக 40 அளவில் இருக்க வேண்டிய அது, இம்முதியவருக்கு 107 ஆக விரிந்திருப்பது தமனி விறைப்பின் அடையாளம். வாதக் காய்ச்சலால் பெருந்தமனி வால்வு பழுதுபட்டு இரத்தம் பின்னோக்கிக் கசியும்போதும் இத்தகைய விரிவு தோன்றும். நீரிழப்பு, கருவுற்ற காலம், சில மாத்திரைகள் ஆகியவையும் கீழ் எண்ணைத் தாழ்த்தக்கூடும்.

அளக்கும் முறையும் கருதத்தக்கது. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் விளக்கிய முறைப்படி, கைப்பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி மறையும் இடமே விரிவழுத்தம். சிலருக்கு அவ்வொலி பூச்சியம் வரை மறையாது. அப்போது ஒலி மழுங்கும் இடத்தைக் குறிக்காவிட்டால் அளவு பொய்யாகத் தாழ்ந்து தெரியும். கைக்கு மிகப் பெரிய பட்டையும் அழுத்தத்தைக் குறைத்தே காட்டும்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த கோபிநத்தம் போன்ற காவிரிக்கரைக் காட்டுக் கிராமங்களிலிருந்து பெரிய மருத்துவமனைகள் தொலைவில் இருப்பதால், அருகில் எடுக்கப்படும் அளவைச் சரியாகப் பதிந்து வைப்பது முதல் தேவையாகிறது. எல்லைக்கு இப்பால், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே பிரஷர் பரிசோதனையைக் கொண்டு வந்தது. எங்கு அளந்தாலும் இரு எண்களையும் எழுதி வைப்பதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைகிறதா என்று பார்ப்பதும் மருத்துவருக்குப் பயன்படும்.

கீழ் எண்ணைக் கண்டு அஞ்சிப் பிபி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது, உயர்ந்து நிற்கும் மேல் எண்ணைக் கட்டவிழ்த்து விடுவதாகும். 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, தொடக்கத்திலேயே கீழ் எண் தாழ்ந்திருந்தவர்களுக்கும் மேல் எண்ணைத் தீவிரமாகக் குறைத்ததன் பயன் குன்றவில்லை என்று தெரியவந்தது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் அளவு தாழ்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்ற வேளைகளில் மாத்திரையின் அளவை மாற்றும் முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.