வீட்டுக் கணினி மந்தமாவது ஏன்? கவனிக்க வேண்டிய பராமரிப்புப் பணிகள்

புதுடெல்லி: வீட்டில் உள்ள கணினி மந்தமானதும் புதியது வாங்குவது குறித்தே பலரும் யோசிக்கின்றனர். ஆனால் பல நேரங்களில் கோளாறு கணினியின் வயதில் இல்லை. பராமரிப்பு இல்லாததில்தான் இருக்கிறது.

இப்பணிகளில் முதன்மையானது இயங்குதளப் புதுப்பிப்பு. அதனைத் தள்ளிப்போடுவது எத்தகைய ஆபத்து என்பதற்கு 2017 மே 12-ஆம் தேதி தொடங்கிய 'வான்னாகிரை' தாக்குதலே சான்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. ஆந்திரப் பிரதேச காவல்துறையின் சில கணினிகளும் தப்பவில்லை. இத்தனைக்கும், தாக்குதலுக்கு வழிவகுத்த குறைபாட்டைச் சரிசெய்யும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என அந்நிறுவனம் அறிவித்தது. பதிவு செய்யாத கணினி தொடர்ந்து இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அதில் அடைக்கப்படா.

அடுத்தது தூசி. மின்விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் தூசி அடைந்தால் செயலி சூடாகிறது. சூடு வரம்பை மீறினால், சேதத்தைத் தவிர்க்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கோடைக்காலத்தில் கணினி தவழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே, அழுத்தக் காற்றால் தூசியை அகற்ற வேண்டும். மெத்தை மீது மடிக்கணினியை வைத்துப் பயன்படுத்துவதும் காற்று வழியை அடைத்துவிடும்.

பழைய வகை சுழல்வட்டு கொண்ட கணினிகளில், சிதறிய கோப்புகளை ஒருங்கிணைக்கும் பணி பயன் தரும். எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு அது தேவையில்லை. வீணாக எழுதி அழிப்பது அதன் ஆயுளையே குறைக்கும். அதற்குரிய பராமரிப்பை விண்டோஸ் தானாகவே செய்துகொள்கிறது. கணினியை இயக்கியவுடன் தாமாகவே தொடங்கும் தேவையற்ற செயலிகளை 'டாஸ்க் மேனேஜர்' வழியாக நிறுத்தி வைக்கலாம்.

சுழல்வட்டிலிருந்து 'டிக் டிக்' என ஒலி கேட்டால் வேறு எதையும் முயலாமல் முதலில் கோப்புகளை நகலெடுப்பதே நல்லது. நகல் வைத்திருக்கும் வெளி வட்டை எப்போதும் கணினியுடன் இணைத்தே வைப்பதில் பயனில்லை. பூட்டும் நச்சுநிரல் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும்.

'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே அழையுங்கள்' என்று இணையத்தில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மோசடியே. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இணையதளத்தில் நச்சுநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இத்தகைய மோசடியில் பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.